மூன்று நாள் தாமதத்துக்குப் பன்னிரண்டு அபராதம்: வாடகைக்கு இருப்பவர்கள் கவனத்துக்கு

வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்த அன்று, அட்வான்ஸில் பிடித்தம் போக மீதி இவ்வளவு என்று ஹவுஸ் ஓனர் ஒரு தாளை நீட்டினார். அதில் "தாமதக் கட்டண பாக்கி" என்று ஒரு வரி. தொகை பாதி மாத வாடகையைத் தாண்டியிருந்தது. அந்த வீட்டில் நான் இருந்தது 14 மாதம். அதில் ஒரே ஒரு மாதம்தான் வாடகை தாமதமானது. அதுவும் மூன்று நாள்.

ஏதோ கைத்தவறு என்றுதான் முதலில் நினைத்தேன். "சார், இது வேற யாரோட கணக்கோ போல இருக்கு" என்றேன். "இல்லைங்க, உங்க கணக்குதான். அக்ரிமென்ட்ல இருக்கே, கையெழுத்து போட்டிருக்கீங்களே" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. எல்லாம் முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்த ஒருவரின் நிதானம். அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

நடந்தது இதுதான். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் வாடகை கொடுக்க வேண்டும். மூன்றாவது மாதம் 5-ஆம் தேதி வெள்ளிக்கிழமை. சாயங்காலம் பேங்க் மூலம் அனுப்பினேன். பணம் அவர் கணக்கில் ஏறியது திங்கட்கிழமை. அக்ரிமென்டில் "வாடகை செலுத்தும் நாள்" என்று இருந்ததை, நான் பணம் அனுப்பும் நாள் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கத்தில் "செலுத்தும் நாள் என்பது உரிமையாளர் கணக்கில் வரவாகும் நாள்" என்று விளக்கம் இருந்ததாம். அந்த மாதம் அவர் எதுவும் சொல்லவில்லை. "பணம் வந்துவிட்டது" என்று வழக்கம்போல் மெசேஜ் அனுப்பினார், அவ்வளவுதான்.

இதோடு நின்றிருந்தால் நான் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன். ஒரு தடவை தாமதம், ஒரு தடவை அபராதம், கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அவர் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதில்தான் எல்லாம் இருக்கிறது.

கணக்குப் புரிவதற்காக வாடகையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். தாமதக் கட்டணம் 5. மூன்றாவது மாதம் எனக்குத் தெரியாமலே 5 பாக்கி விழுந்தது. நான்காவது மாதம் சரியான நாளில் 100 கொடுத்தேன். அதில் முதல் 5-ஐப் பழைய அபராதத்துக்கு எடுத்துக்கொண்டு, வாடகைக்கு 95 என்று எழுதியிருக்கிறார். ஆக வாடகையில் 5 குறை. குறைந்த வாடகை என்றால் முழு வாடகை நாள் தவறிவிட்டது என்று அர்த்தமாம். இன்னொரு 5 அபராதம். பாக்கி 10. ஐந்தாவது மாதக் கணக்கில் வாடகைக்குப் போனது 90, பாக்கி 15. இப்படியே மாதம் 5 ஏறி, 14-வது மாதம் 60. பதினோரு மாதம் நான் நாள் தவறாமல் கொடுத்த வாடகை ஒன்றுகூட அவர் நோட்டில் முழு வாடகையாக இல்லை. அவர் கணக்குப்படி நான் ஒரு வருடமாக வாடகை பாக்கி வைத்திருக்கும் ஆள். நான் அடுத்துக் குடிபோகும் வீட்டின் ஓனர் விசாரித்திருந்தால் இவர் அப்படித்தான் சொல்லியிருப்பாரோ என்று நினைத்தாலே பதறுகிறது.

இதற்கு வழிவிட்டது அக்ரிமென்டில் இருந்த ஒரே வரி: "தாமதக் கட்டணம் உள்ளிட்ட அனைத்துத் தொகைகளும் வாடகையாகவே கருதப்படும், பெறப்படும் பணம் முதலில் பழைய பாக்கிக்கு வரவு வைக்கப்படும்." படிக்கும்போது சாதாரணமாகத்தான் தோன்றியது. உங்கள் அக்ரிமென்டில் இந்த வரி இருந்தால் கையெழுத்துப் போடும் முன் அடிக்கச் சொல்லுங்கள். அபராதம் எவ்வளவு என்று எல்லோரும் பார்க்கிறோம். கொடுக்கும் பணம் எந்த வரிசையில் கழிக்கப்படும் என்று யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

தாமதக் கட்டணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாடகையை நம்பி வீட்டுக் கடன் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் நாள் தவறினால் நஷ்டம்தான். ஆனால் அதற்கு ஓர் அளவு வேண்டும் என்பதைச் சட்டங்களே ஒத்துக்கொள்கின்றன. இங்கிலாந்தில் 2019-இல் வந்த சட்டப்படி வாடகை 14 நாள் தாமதமாகும்வரை எதுவும் வாங்க முடியாது. அதற்குப் பிறகும் பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் அடிப்படை வட்டிக்கு மேல் 3 சதவீதம்தான் உச்சம். அதே 2019-இல் நியூயார்க் மாநிலம் ஐந்து நாள் அவகாசம் கொடுத்தது. கட்டணம் 50 டாலர் அல்லது மாத வாடகையில் 5 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதுதான். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 74-வது பிரிவு, ஒப்பந்தத்தில் அபராதத் தொகை எழுதியிருந்தாலும் அந்த வரம்புக்குள் நியாயமான ஈடுதான் கிடைக்கும் என்கிறது.

அதே சட்டத்தின் 59, 60-வது பிரிவுகளைத்தான் நான் முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும். பல பாக்கிகள் உள்ள ஒருவர் பணம் கொடுக்கும்போது "இது இன்ன பாக்கிக்கு" என்று சொல்லிக் கொடுத்து, மற்றவர் அதை வாங்கிக்கொண்டால், அதற்குத்தான் வரவு வைக்க வேண்டும். சொல்லாமல் கொடுத்தால், எதற்கு என்பதை வாங்குகிறவர் முடிவு செய்துகொள்ளலாம். நான் 14 மாதமும் எதுவும் குறிப்பிடாமலே அனுப்பினேன். பணம் அனுப்பும்போது குறிப்புக்கு ஓர் இடம் இருக்கிறதே, அதில் "ஜூன் மாத வாடகை, முழுத்தொகை" என்று தட்டச்சு செய்ய எவ்வளவு நேரம் ஆகும்? தயவுசெய்து இந்த மாதத்திலிருந்தே எழுதுங்கள். கையில் ரொக்கமாகக் கொடுத்தால் ரசீதில் மாதத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் தொகை மட்டும் போட்ட ரசீது போதாது.

இன்னொன்று. வருடத்துக்கு ஒரு தடவையாவது "இன்றைய தேதியில் என் பெயரில் பாக்கி எதுவும் உண்டா?" என்று மெசேஜில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு உதவாது.

என் விஷயம் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். என்னைக் காப்பாற்றியது அவர் அனுப்பிய மெசேஜ்களே. பல மாதங்களில் "இந்த மாத வாடகை வந்துவிட்டது" என்று அவரே எழுதியிருந்தார். அவற்றையும் பேங்க் ஸ்டேட்மென்டையும் தேதிவாரியாக அடுக்கி, மேலே சொன்ன கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. வக்கீல் மூலம் இரண்டாவது கடிதம் போன பிறகு 55 திரும்ப வந்தது. முதல் 5-ஐ நான் கேட்கவில்லை. அந்த மூன்று நாள் தாமதம் என்னுடையதுதான்.