அலமாரிச் சாவி யாரிடம்?

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் என்னோடு வேலை செய்யும் நண்பர் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு மாற விரும்புகிறார். அதற்குப் புள்ளியியல் தெரிய வேண்டும். நான் பல ஆண்டுகளாகப் போய்வரும் பொது நூலகத்தில் சேரலாமா என்று கேட்டார். வேண்டாம், புத்தகத்தை விலைக்கு வாங்கிவிடுங்கள் என்று சொன்னேன்.

இத்தனைக்கும் நான் புள்ளியியல் கற்றது அந்த நூலகத்தில்தான். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் காலையிலேயே வந்து இடம் பிடித்துவிடுவார்கள். அவர்கள் நடுவே உட்கார்ந்தால் நடுவயதுக்காரனுக்கும் படிப்பு ஓடும். வீட்டில் அரைப் பக்கம் தாண்டாத திட்ட விலக்கமும் இயல்நிலைப் பரவலும் அங்கே பிடிபட்டன. ஊழியர்களும் மரியாதை தெரிந்தவர்கள்.

ஆனால் அந்தப் பூட்டு! நாளிதழ்கள் வெளியே, பாடநூல்களெல்லாம் கண்ணாடிக் கதவுக்குள். சாவி வைத்திருப்பவர் விடுப்பில் போனால் அன்றைக்குப் படிப்பு இல்லை. அவர் இருந்தாலும், “எந்தப் புத்தகம் வேண்டும்?” என்பார். கல்லூரி மாணவனிடம் பாடத்திட்டம் இருக்கிறது, தலைப்பைச் சொல்லிவிடுவான். தானாகப் படிப்பவனுக்கோ எந்தப் புத்தகம் வேண்டும் என்பதே பத்தைப் புரட்டிய பிறகுதான் தெரியும். ஒன்று முதல் பக்கத்திலேயே சூத்திரங்களைக் கொட்டி மிரட்டும். இன்னொன்று ஆலையில் வரும் பழுதுக் கணக்கை வைத்துப் பொறுமையாகச் சொல்லித்தரும். கண்ணாடி வழியே தலைப்பைப் பார்த்து இதை எப்படி அறிவது?

இது பெங்களூரில் நடக்கிறதே என்பதுதான் என் ஆற்றாமை. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1962இல் ஆவணவியல் ஆராய்ச்சி பயிற்சி மையத்தை நிறுவியது இந்த ஊரில். 1972இல் மறைந்ததும் இங்கேதான். நூலகவியலுக்கு அவர் வகுத்து 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பது. வாசகர் தாமே அலமாரிக்குப் போய் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று வாதாடிய மனிதர் அவர். போதாததற்கு, இங்கே சொத்து வரியோடு அதில் 6 சதவீதம் நூலக வரியாகவும் வசூலாகிறது. வாடகை கொடுப்பவனின் பணமும் அதில் சேர்ந்துதான் இருக்கிறது.

திறந்து வைத்தால் திருட்டுப் போகும் என்கிறார்கள். சில போகலாம். பூட்டிக் கிடந்தே செல்லரித்துப் போனவற்றுக்கு யார் கணக்குச் சொல்வது? எல்லாவற்றையும் உடனே திறக்கச் சொல்லவில்லை. கணிதமும் தொழில்நுட்பமும் இருக்கும் ஓர் அலமாரியை மட்டுமாவது, வேலை முடிந்து வருகிறவர்கள் புரட்டிப் பார்க்கும்படி மாலையில் திறந்து வையுங்கள் என்று நூலகரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.