ஜோனுக்கு ஒரு விநிக்: சொலாரிஸில் நெடுநாள் ஓட்டியபின் தெரிவது

சொலாரிஸ் என்ற சர்வர் இயங்குதளத்தில், ஒரே மெஷினைப் பிரித்துத் தனித்தனி சர்வர்போல ஓட்டும் அறைகளுக்கு ‘ஜோன்’ என்று பெயர். சொலாரிஸ் 10-இல் ஒரு ஜோனுக்குத் தனி ஐபி அடுக்கு (தனக்கென்று முகவரி, ரூட்டிங் எல்லாம்) வேண்டுமென்றால் ஒரு போர்ட்டையோ விலானையோ (ஒரே கம்பியில் பிரித்த தனி நெட்வொர்க்) அதற்கே எழுதிவைக்க வேண்டும். நான்கு போர்ட் உள்ள சர்வரில் பத்து ஜோன் என்றால் திண்டாட்டம்தான். கிராஸ்போ என்ற மெய்நிகர் நெட்வொர்க் வசதி வந்து, 2011-இல் சொலாரிஸ் 11 வெளியானபின் அந்தக் கவலை போயிற்று. ஒரே கார்டின் மேல் வேண்டிய அளவு விநிக் (VNIC, மென்பொருளிலேயே உருவாகும் மெய்நிகர் நெட்வொர்க் கார்டு) உருவாக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனி மேக் முகவரி (கார்டின் அடையாள எண்).

உருவாக்குவது ஒரே வரி வேலை. நெட்வொர்க் லிங்குகளை நிர்வகிக்கும் டிஎல்ஏடிஎம் (dladm) கட்டளையில் கிரியேட்-விநிக், பிறகு எந்தக் கார்டின் மேல் என்று சொல்ல ‘-எல் நெட்0’, கடைசியில் பெயர். பெயர் எண்ணில்தான் முடிய வேண்டும்; ‘வெப்’ செல்லாது, ‘வெப்0’ செல்லும். ‘-டி’ சேர்த்தால் அது தற்காலிகம். மெஷினை ரீபூட் செய்ததும் விநிக் காணாமல் போகும், அதை நம்பியிருந்த ஜோனும் கிளம்பாது. பிறகு ஜோனை அமைக்கும் ஜோன்சிஎஃப்ஜி (zonecfg) கட்டளையில் ஐபி-டைப்பை எக்ஸ்க்ளூசிவ் ஆக்கி, ‘ஆட் நெட்’ கொடுத்து, பிசிகல் என்ற இடத்தில் அந்தப் பெயரைப் போட்டால் முடிந்தது.

சொலாரிஸ் 11-இன் ‘ஏநெட்’ (anet, தானாக உருவாகும் நெட்வொர்க் அமைப்பு) இதையும் மிச்சப்படுத்துகிறது: ஜோன் எழும்போது விநிக் பிறக்கும், நிற்கும்போது போய்விடும். ஆனால் எந்தக் கார்டின் மேல் விநிக் அமைய வேண்டும் என்று சொல்லும் லோயர்-லிங்கை ‘ஆட்டோ’ என்று விடாதீர்கள். அது உயிரோடிருக்கும் லிங்குகளில் ஒன்றைத் தானே பொறுக்கிக்கொள்ளும். அடுத்த ரீபூட்டில் ஜோன் நிர்வாக நெட்வொர்க்கில் போய் உட்கார்ந்திருக்கலாம். ஜோனுக்கு அனுமதித்த ஐபியைக் குறிக்கும் அலவ்டு-அட்ரஸ் போட்டுவைப்பது நல்லது: உள்ளே ரூட்டே (முழு அதிகாரம் உள்ள பயனர்) முயன்றாலும் வேறு ஐபி எடுபடாது.

உண்மையான தலைவலி எல்லாம் மேக் முகவரியில். சொலாரிஸே ஈஎஸ்எக்ஸ்ஐ (விஎம்வேரின் மெய்நிகராக்க மென்பொருள்) மேல் விருந்தாளியாக ஓடினால், ஜோன்கள் தங்களுக்குள் பேசும், குளோபல் ஜோன் (மற்ற ஜோன்களைத் தாங்கும் மூல சொலாரிஸ்) வெளியே பேசும், ஜோன்கள் மட்டும் வெளியே பேசாது. ஒரே கார்டின் மேலிருக்கும் விநிக்குகளின் போக்குவரத்து உள்ளேயே திரும்பிவிடுவதால், ‘பிங் போகிறதே’ என்று ஏமாந்து ரூட்டிங்கைக் குடைவார்கள். வெளியில் இன்னொரு மெஷினில் ஏஆர்பியை (‘இந்த ஐபி யாருடையது, மேக் என்ன’ என்ற கேள்வி-பதில்) கவனியுங்கள். கேள்வியே வந்து சேரவில்லையா, ஈஎஸ்எக்ஸ்ஐ ஸ்விட்ச்சின் போர்ட் குழுவில் ‘ஃபோர்ஜ்டு டிரான்ஸ்மிட்ஸ்’ (வேறு மேக்கிலிருந்து அனுப்புதல்) மறுக்கப்பட்டிருக்கிறது. கேள்வி வந்து, பதிலும் போய், ஜோனுக்கு மட்டும் கிட்டவில்லையா, ‘ப்ராமிஸ்க்யுவஸ் மோடு’ (பிற மேக்குக்கு வருவதையும் வாங்குதல்) மூடியிருக்கிறது. இரண்டையும் ‘அக்செப்ட்’ ஆக்க வேண்டும். இன்னொரு மெய்நிகராக்க மென்பொருளான வர்ச்சுவல்பாக்ஸில் ப்ராமிஸ்க்யுவஸ் மோடை ‘அலவ் ஆல்’ ஆக்க வேண்டும். நிஜ ஸ்விட்ச்சிலும் இதே கதை உண்டு: ஸ்விட்ச்சின் போர்ட் செக்யூரிட்டி ஒரே மேக்கை அனுமதிக்கும்படி இருந்தால், இரண்டாவது முகவரியைப் பார்த்ததும் போர்ட்டையே மூடிவிடக்கூடும். அப்போது குளோபல் ஜோனும் சேர்ந்து விழும். (உள்ளே திரும்பும் போக்குவரத்தை வெளி ஃபயர்வால் பார்க்கவே முடியாது என்பதையும் பாதுகாப்புக் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.)

வேகக் கட்டுப்பாடு சொன்னபடி நடக்கிறது. விநிக்கின் உச்ச வேகத்தைக் குறிக்கும் மேக்ஸ்பிடபிள்யூவில் (maxbw) ‘200எம்’ என்பது மெகாபிட், மெகாபைட் அல்ல. ஓடும் ஜோனிலும் மாற்றலாம்.

வெளியுலகமே வேண்டாத டேட்டாபேஸ் ஜோனுக்கு ஈதர்ஸ்டப் (நிஜக் கார்டு இல்லாமல், விநிக்குகளை உள்ளேயே இணைக்கும் மெய்நிகர் ஸ்விட்ச்) போதும். அழிக்கும்போது மட்டும் வரிசை முக்கியம்: முதலில் ஜோனை நிறுத்தி, அதன் விநிக்கை நீக்கி, பிறகுதான் ஸ்டப். மாற்றிச் செய்தால் ‘பிஸி’ என்று திருப்பி அனுப்பும்.