ஸாப்பியர், மேக், என்8என்: ஸ்டெப்புக்குக் காசு வாங்குகிறார்களா, ஓட்டத்துக்கா?

எங்களுடையது திருப்பூரில் ஆன்லைனில் துணி விற்கும் சின்ன வியாபாரம். ஆர்டர் வந்ததும் ஒவ்வொரு உருப்படிக்கும் ஜிஎஸ்டி விகிதம் பார்க்க வேண்டும். தமிழ்நாடு என்றால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, வெளிமாநிலம் என்றால் ஐஜிஎஸ்டி என்று பிரிக்க வேண்டும். அப்புறம் கூகுள் ஷீட்டில் ஏற்றி, பில் போட்டு, வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்ப வேண்டும். இந்த வேலையைத் தானாக ஓடவைக்க ஸாப்பியர், மேக், என்8என் என்ற மூன்று ஆட்டோமேஷன் கருவிகளிலும் கட்டிப் பார்த்துவிட்டு என்8என்னை எடுத்துக்கொண்டோம். இன்றுவரை மாற்றவில்லை.

பொதுவான விஷயங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மூன்றிலுமே ஒரு ட்ரிக்கர் (வேலையைத் தொடங்கிவைக்கும் நிகழ்வு), அதன் பின்னால் வரிசையாக ஸ்டெப்கள், இதுதான் அமைப்பு. ஜிமெயில், ஷீட், வாட்ஸ்அப் எல்லாவற்றோடும் மூன்றும் பேசும். ஸாப்பியர் 2011-இல் தொடங்கியது. இணைக்கக்கூடிய ஆப்களின் எண்ணிக்கையில் அதை மிஞ்ச ஆளில்லை, புதிதாக வருகிறவருக்கு எளிதும் அதுதான். மேக் என்பது பிராக் நகரில் பிறந்த பழைய இன்டக்ரோமேட். 2022-இல் பெயர் மாறியது. வட்ட வட்டமாக மாட்யூல்களை (ஸ்டெப்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) கோத்து, எந்த வட்டத்துக்குள் என்ன தரவு போனது என்று பார்க்க முடிகிற அதன் திரை மூன்றிலும் அழகானது. என்8என் 2019-இல் பெர்லினில் தொடங்கியது. உங்கள் சொந்த சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம்.

எங்களைத் தீர்மானிக்க வைத்தது இவை எதுவும் இல்லை. வேலையை எந்த அலகில் எண்ணிக் காசு வாங்குகிறார்கள் என்பதுதான்.

ஸாப்பியரில் வெற்றிகரமாக முடியும் ஒவ்வொரு ஆக்ஷனும், அதாவது ஒரு வேலையைச் செய்யும் ஸ்டெப்பும், ஒரு டாஸ்க். ட்ரிக்கருக்கும் ஃபில்டருக்கும் கணக்கில்லை. ஷீட், பில், வாட்ஸ்அப் என்று மூன்று ஆக்ஷன் வைத்தால் மாதம் 400 ஆர்டருக்கு 1200 டாஸ்க். வரி கணக்கைத் தனி கோட் ஸ்டெப்பாகப் பிரித்தால் அது 1600 ஆகிவிடும். மேக்கில் பெரும்பாலும் ஒவ்வொரு மாட்யூல் ஓட்டமும் கணக்கு. ஆபரேஷன் என்று சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது கிரெடிட் என்கிறார்கள். ஐந்து உருப்படி உள்ள ஆர்டரை இட்டரேட்டர் (பட்டியலை ஒவ்வொன்றாகப் பிரிக்கும் மாட்யூல்) போட்டுப் பிரித்தால், அதற்குப் பின்னால் வரும் மூன்று மாட்யூல்களும் ஐந்தைந்து முறை ஓடி 15 ஆகிவிடும். என்8என் கிளவுடில், அதாவது சர்வரை அவர்களே பார்த்துக்கொள்ளும் பதிப்பில், ஆரம்பம் முதல் முடிவு வரை ஓடினால் ஒரு எக்ஸிகியூஷன். உள்ளே நான்கு ஸ்டெப் இருந்தாலும் நாற்பது இருந்தாலும் ஒன்றுதான். சொந்த சர்வரில் இலவசப் பதிப்பை வைத்துக்கொண்டால் அந்த எண்ணிக்கையும் கிடையாது.

இது வெறும் பணக் கணக்கு மாதிரித் தெரியும். ஆனால் ஸ்டெப்பை நாம் கட்டும் விதத்தையே இது மாற்றிவிடுகிறது. ஸ்டெப்புக்கு ஒரு காசு என்றால், நம்மை அறியாமலே நாலு வேலையை ஒரே ஸ்டெப்புக்குள் திணிக்கத் தொடங்குவோம். வரி விகிதம், மாநிலப் பிரிவு, தள்ளுபடி எல்லாம் ஒரே நீளமான ஃபார்முலாவுக்குள் போய்விடும். கட்டும் அன்று அது ஓடும். ஆறு மாதம் கழித்து விதி மாறும்போது அந்த ஃபார்முலாவைத் திறக்கிறவருக்குத்தான் கஷ்டம் தெரியும்.

விதி மாறத்தான் செய்தது. 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு வரை, ஆயத்த ஆடை ஒன்றின் விற்பனை மதிப்பு ரூ.1,000 வரை என்றால் 5 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். 22 முதல் ரூ.2,500 வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். எங்கள் ஓட்டத்தில் ‘வரி வரம்பு’ என்று ஒரு ஸ்டெப் தனியாக இருக்கிறது. அதில் மூன்றே எண்கள்: வரம்புத் தொகை, கீழ் விகிதம், மேல் விகிதம். அடுத்த ஸ்டெப் அவற்றை எடுத்து ஒவ்வொரு உருப்படிக்கும் விகிதம் போடும். மாற்ற வேண்டியிருந்தது வரம்பையும் மேல் விகிதத்தையும் மட்டும்தான்.

மாற்றியதைச் சரிபார்த்த விதத்தையும் சொல்ல வேண்டும். என்8என்னில் ஒரு ஸ்டெப்பைத் திறந்தால் இடப்பக்கம் உள்ளே வந்த தரவு, நடுவில் அமைப்புகள், வலப்பக்கம் வெளியே போகும் தரவு. ஒரு பழைய ஆர்டரின் தரவை அங்கேயே பின் போட்டு, அதாவது மாறாமல் நிறுத்தி, வைத்துக்கொள்ளலாம். ரூ.450 சட்டை, ரூ.1,150 சட்டை, ரூ.2,800 ஜாக்கெட் மூன்றும் இருந்த ஆர்டரைப் பின் செய்து, விகிதம் போடும் ஸ்டெப் வரை மட்டும் ஓட்டினோம். முன்பு வலப்பக்கத்தில் 5, 12, 12 என்று இருந்தது 5, 5, 18 என்று மாறியது. பில் எதுவும் போகவில்லை, வாடிக்கையாளர் யாருக்கும் செய்தி போகவில்லை. ஸாப்பியரிலும் மேக்கிலும் தனி ஸ்டெப்பைச் சோதிக்க வழி இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சோதிக்கத் தோதாக வேலையை இவ்வளவு சின்னதாகப் பிரித்து வைக்கும் தைரியம் எனக்கு அங்கே வரவில்லை.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் தேவை. என்8என் ஸ்டெப்கள் உருப்படிகளின் பட்டியலை வாங்கி, பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் தானாகவே ஒரு முறை ஓடும். லூப் போட வேண்டியதில்லை என்பது வசதிதான். ஆனால் மூன்றாகப் பிரிந்த ஆர்டர் அப்படியே வாட்ஸ்அப் ஸ்டெப்புக்குப் போனால் வாடிக்கையாளருக்கு மூன்று செய்தி போகும். நடுவில் அக்ரிகேட் ஸ்டெப் வைத்து ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும்.

பராமரிப்பு என்று பார்த்தால் என்8என்னுக்கு வேறு வகையான செலவு உண்டு. சொந்த சர்வர் என்றால் டாக்கர் (மென்பொருளைச் சர்வரில் நிறுவி ஓட்டும் கருவி), அப்டேட், பேக்கப் எல்லாம் உங்கள் தலையில்தான். கடவுச்சொற்களை அது ஒரு என்கிரிப்ஷன் கீயால் பூட்டி வைக்கிறது. பேக்கப் இருந்தும் அந்தக் கீ இல்லையென்றால் ஜிமெயில், ஷீட் இணைப்புகள் அனைத்தையும் மறுபடி கொடுக்க வேண்டியதுதான். அதனால் கீயைச் சர்வருக்கு வெளியே தனியாக எடுத்து வையுங்கள். ஓட்ட வரலாறும் மாற்றாமல் விட்டால் 336 மணி நேரம், அதாவது 14 நாளில் அழிந்துவிடும். மாதக் கடைசியில் கணக்கர் வந்து கேட்பார் என்றால் அதை முதலிலேயே நீட்டி வைத்துவிடுங்கள். உரிமமும் முழு ஓப்பன் சோர்ஸ் கிடையாது: சொந்த வியாபாரத்தின் உள்வேலைக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம், அதையே சேவையாக்கி மற்றவர்களுக்கு விற்க முடியாது.

சர்வர் பார்க்க ஆளே இல்லையா? என்8என் கிளவுட் எடுங்கள். மாதத்துக்குச் சில டஜன் ஓட்டம்தான் என்றால் ஸாப்பியரின் 100 டாஸ்க் இலவசத் திட்டமே போதலாம். ஆனால் அதில் ஒரு ட்ரிக்கர், ஒரு ஆக்ஷன் என்று இரண்டு ஸ்டெப்தான் வைக்க முடியும். படம் மாதிரிப் பார்த்தால்தான் புரியும் என்கிறவர்களுக்கு மேக். ஏற்கெனவே ஸோஹோ புக்ஸில் கணக்கு வைத்திருந்தால், நம் ஊர்க்காரர்களின் ஸோஹோ ஃப்ளோவை முதலில் பாருங்கள். பில் பக்கம் ஒட்டுவது சுலபம். ஆனால் அங்கேயும் டாஸ்க் கணக்குதான்.

மைக்ரோசாஃப்ட் பவர் ஆட்டோமேட்டை நண்பர் ஒருவரின் அலுவலகத்தில் கொஞ்சம் தொட்டதோடு சரி, அதனால் அதைத் தரம் பிரிக்க மாட்டேன். எங்கள் அளவும் சிறியது. நாளுக்கு ஆயிரக்கணக்கில் ஆர்டர் ஓட வேண்டிய இடத்தில் என்8என்னைக் க்யூ முறையில், அதாவது வேலைகளை ரெடிஸ் என்ற மென்பொருளில் வரிசையில் நிறுத்தி, பல வொர்க்கர்களுக்குப் பிரித்துக் கொடுத்து ஓட்டுவார்கள். அதை நான் செய்து பார்த்ததில்லை. அந்த அளவில் இருப்பவர்கள் இதைச் செய்து பழகிய ஒருவரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.