கொரங்காட்டுக்கு ஒரு பேரல் டீ

மேய்ச்சல் காட்டுக்கு கம்போஸ்ட் டீ, அதாவது மக்கிய எருவைத் தண்ணீரில் ஊற வைத்து எடுக்கும் சாறு, அடிக்கலாமா என்று இதுவரை நாலைந்து பேர் போனில் கேட்டுவிட்டார்கள். பேரல், மோட்டார் எல்லாம் சேர்ந்த செட்டை 6,800 ரூபாய்க்கு ஒரு கண்காட்சியில் வாங்கி, ஒரு மழைக்காலம் முழுக்க அடித்துப் பார்த்தவள் நான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது திருப்பூர் மாவட்டத்தில் மூலனூர் பக்கம். ஆறு ஏக்கர் கொரங்காடு, அதாவது வேலி கட்டிய மானாவாரி மேய்ச்சல் காடு; சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். நான்கு காங்கேயம் மாடு, இரண்டு கன்று. சரளை மண், ஐப்பசி, கார்த்திகை மழைதான் புல்லுக்கு எல்லாம். பஞ்சகவ்யத்தைப் பிரபலமாக்கிய டாக்டர் நடராஜனின் கொடுமுடி இங்கிருந்து அவ்வளவு தூரமில்லை. ஆகவே எதையாவது கலக்கி வயலுக்கு ஊற்றுவது ஊரில் யாருக்கும் புதிதில்லை. 'டீ' என்ற பேருக்குத்தான் சிரிப்பு. "என்னுங்க்கா, காட்டுக்கு டீ வெக்கறீங்களாமா, வடை இல்லீங்களா?" என்று பக்கத்துக் காட்டுப் பையன் தினமும் கேட்டான்.

செட்டில் 200 லிட்டர் நீலப் பேரல், காற்று மோட்டார், அடியில் குமிழி விடும் ரப்பர் வட்டு, எரு போட ஒரு வலைப்பை, கீழே குழாய். பையில் 10 கிலோ மண்புழு உரம், தண்ணீரில் ஒரு கிலோ நாட்டுச் சர்க்கரை, 24 மணி நேரம் மோட்டார் ஓட வேண்டும். சாணி, கோமியம், வெல்லம், கடலைமாவு போட்டு ஊற வைக்கும் ஜீவாமிர்தம் வேறு. இது மக்கி முடிந்த எருவிலிருக்கும் நுண்ணுயிரைக் காற்று கொடுத்துப் பெருக்குவது. மோட்டாரை நிறுத்திய சில மணி நேரத்துக்குள் அடித்துவிட வேண்டும். எடுத்து வைத்து நாளைக்கு அடிக்கிற சரக்கு இல்லை.

முதல் தடவை குழாய்த் தண்ணீரைப் பிடித்து அப்படியே ஊற்றினேன். குளோரின் வாசம் மூக்கில் ஏறியபோதுதான் உறைத்தது, நுண்ணுயிரைக் கொல்லப் போட்ட மருந்திலேயே நுண்ணுயிர் வளர்க்கப் பார்க்கிறேன் என்று. அப்புறம் ஒரு ராத்திரி திறந்து வைத்த தண்ணீர்தான். இரண்டாவது தடவை நடுராத்திரியில் கரண்ட் போய் நான்கு மணி நேரம் வரவில்லை. காலையில் மூடியைத் திறந்தால் முட்டை அழுகின நாற்றம். நல்ல டீ மழை பெய்த மண்போல மணக்க வேண்டும். மாமியார் எட்டி நின்றே, "நாத்தத்தப் புல்லுக்கு ஊத்தாத கண்ணு, மாடு வாய் வெக்காது" என்றார். குப்பைமேட்டில் கொட்டினோம். கரண்ட் போனால் என்ன செய்வது என்று செட்டோடு கொடுத்த தாளில் ஒரு வரி இல்லை. இந்த ஊரில் அதைத்தான் முதல் வரியாகப் போட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது தடவை டீ நன்றாகவே வந்தது. ஆனால் வலைப்பையின் தையல் பிரிந்து, எரு முழுக்கப் பேரலில். வடிகட்டி வடிகட்டி அடித்தும் தெளிப்பானின் நாசில் நிமிடத்துக்கு ஒரு தடவை அடைத்தது. 16 லிட்டர் டேங்கில் 200 லிட்டரை அடிக்கப் பன்னிரண்டு டேங்குக்கு மேல் தூக்க வேண்டும். வெயிலில் அடிக்கக் கூடாது என்பதால் எல்லாம் சாயங்காலம். ஒரு ஏக்கருக்கே தோள்பட்டை போய்விட்டது. ஆறு ஏக்கர் அடிக்கும் எண்ணத்தை அன்றைக்கே விட்டேன்.

சரி, புல் வளர்ந்ததா? அடித்த ஏக்கருக்குப் பக்கத்திலேயே ஒரு துண்டில் வெறும் தண்ணீரை அதே அளவு அடித்தேன். இரண்டிலும் மாட்டை விடவில்லை. நாற்பது நாள் கழித்து, மூங்கில் குச்சியில் ஒரு மீட்டர் சதுரம் கட்டி, இரண்டிலும் மும்மூன்று இடத்தில் போட்டு அறுத்து எடை பார்த்தேன். ஒரு இடத்தில் டீ முந்தியது, இன்னொரு இடத்தில் தண்ணீர் முந்தியது. மொத்தத்தில் வித்தியாசம் சொல்லும்படி இல்லை. ஆனால் அந்த நாற்பது நாளும் மாடு மேய்ந்த மூன்றாவது துண்டில் புல் கணுக்காலைத் தாண்டவில்லை. மாட்டை விடாத இரண்டு துண்டிலும் கதிர் வந்து விதை சிந்திக்கொண்டிருந்தது. டீ அடித்த பக்கம் முன்பே கிடந்த சாணி வறட்டி கொஞ்சம் சீக்கிரம் உதிர்ந்த மாதிரி தெரிந்தது. அது டீயாலா கரையானாலா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். மண்புழு உரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு ஒன்றரை என்று வைத்தால், 10 கிலோவும் முழுக்கக் கரைந்தாலும் ஒரு ஏக்கருக்குப் போவது 150 கிராம். ஒரு மாடு நாலைந்து நாளில் போடும் சாணியிலேயே அவ்வளவு இருக்கும், அதை யாரும் முதுகில் சுமந்து அடிக்க வேண்டியதில்லை. விற்றவரிடம் கேட்டதற்கு, சத்துக் கணக்கு பார்க்காதீங்க, நுண்ணுயிர்தான் வேலை செய்யும் என்றார். இருக்கலாம். ஈரமே இல்லாத சரளையில் அதுவும் எத்தனை நாள் வேலை செய்யும்?

ஒரு எச்சரிக்கை. தாளில் "சர்க்கரையை அளவுக்கு மேலும் போடலாம்" என்று இருக்கிறது. போடாதீர்கள். எரு சரியாக மக்கியிராவிட்டால் சர்க்கரையில் ஈகோலி போன்ற கெட்ட கிருமியும் சேர்ந்து பெருகும். அமெரிக்காவில் தேசிய இயற்கை வேளாண் தர வாரியம் அமைத்த குழு 2004இலேயே இதைச் சொல்லியிருக்கிறது. டீ அடித்த மூன்று நாளில் மாட்டை விடலாம் என்றும் தாள் சொல்கிறது. எனக்கு மனசு வரவில்லை.

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தருவேன். மோட்டாருக்கு ஒன்று, இன்றைக்கும் சத்தமில்லாமல் ஓடுகிறது. அகத்தி நாற்றுக்கும் முருங்கைக்கும் வாளியில் மொண்டு ஊற்ற வசதியாக இருப்பதற்கு இன்னொன்று. தோட்டமும் தண்ணீரும் உள்ளவர்கள் வாங்கலாம். மானாவாரி மேய்ச்சல் காட்டுக்கு என்றால் அந்த 6,800 ரூபாயில் காட்டைக் குறுக்கே தடுக்க இன்னொரு கிளுவை வேலி போடுங்கள், ஒரு பக்கம் மாடு மேயும்போது மறுபக்கம் புல் தேறட்டும்.

வலைப்பை பிய்ந்தால் 350 ரூபாய்க்குத் தனியாகத் தருகிறார்கள். எங்கள் வீட்டில் பழைய கொசுவலையை இரண்டாக மடித்து மாமியார் தைத்துக் கொடுத்த பை ஐந்து தடவை தாங்கிவிட்டது.