கிராண்ட் கன்யன்: வெள்ளமா, ஆறா?

வெள்ளவத்தையிலிருந்து அரிசோனா போய்வந்த பிறகும் மாமாவுக்கும் எனக்கும் இந்த வழக்குத் தீரவில்லை. கிராண்ட் கன்யன் என்ற அங்குள்ள பெரும் பள்ளத்தாக்கை, பைபிளில் வரும் நோவா காலத்துப் பெருவெள்ளம் ஒரே மூச்சில் அறுத்தது என்பது அவர் நம்பிக்கை. நான் ஆற்றின் பக்கம். கொலராடோ ஆறு 50, 60 லட்சம் ஆண்டுகளாக அரித்தது என்கிறார்கள் பாறை ஆராய்கிறவர்கள். சில பகுதிகள் இன்னும் பழையவை என்போரும் உண்டு.

களனி கங்கை பெருகி வடிந்தால் என்ன மிஞ்சும் என்று நமக்குத் தெரியும்: வீடெல்லாம் சேறு. அங்கே ஹெர்மிட் பாதையில், கொக்கொனீனோ மணற்கல்லில், பாலைவன மணல்மேட்டில் நடந்த விலங்கின் கால்தடம் விரல் தெரியப் பதிந்து கிடக்கிறது. பாய்ந்துவரும் வெள்ளம் அதை விட்டுவைக்குமா? சரி, அடிப்பாறைக்குப் பெயரே விஷ்ணு. வயது ஏறத்தாழ 170 கோடி ஆண்டு. அதைச் சொன்னபோதுதான் மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.