தயிர்சாதமா, டாக்டர் எழுதித் தரும் பையா? நாயின் அரிப்பும் கல்லீரலும்

நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் நம் வீடுகளில் முதலில் வருவது தயிர்சாதம். வயிற்றுப்போக்கா, தயிர்சாதம். சொறிந்துகொண்டே இருக்கிறதா, 'சூடு' என்று சொல்லித் தயிர்சாதம். மஞ்சள் காமாலைக்கும் அதேதான். இன்னொரு பக்கம் டாக்டர் எழுதித் தரும் மருத்துவ உணவு. எங்கள் லாப்ரடார் மாதிரி முப்பது கிலோ நாய்க்கு அதை வாங்கினால் மாத மளிகைக் காசு அப்படியே போய்விடும். எது நல்லது என்று கேட்டால், தோலுக்கு ஒரு பதில், கல்லீரலுக்கு வேறு பதில்.

முதலில் தோல். தெள்ளுப்பூச்சி, உண்ணி, சொறி எல்லாம் இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் சாப்பாட்டைச் சந்தேகப்பட வேண்டும். உணவு ஒவ்வாமை உறுதியான 297 நாய்களின் விவரங்களைத் தொகுத்து 2016ல் வந்த ஆய்வில், மாட்டிறைச்சி ஒத்துக்கொள்ளாதவை 34 சதவீதம், பால் பொருட்கள் 17, கோழி 15, கோதுமை 13. ஆக, அரிக்கிற நாய்க்கு நாம் ஊட்டும் தயிர் பட்டியலில் இரண்டாவது. அரிசிமேல் அவ்வளவு பழி இல்லை. ரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் காசை மிச்சம் பிடியுங்கள், அது நம்பும்படி இல்லை. வழி ஒன்றுதான்: இதுவரை சாப்பிடாத ஒரு புரதத்தை மட்டும் 8 வாரம் கொடுத்து, அரிப்பு அடங்கினால் பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பது. ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் மறுபடி சொறியத் தொடங்கும்.

வீட்டுச் சமையலில் இதைச் செய்யலாம், மலிவும்கூட. ஆனால் சாப்பிடாத புரதம் எது? கோழி சாப்பிட்டே வளர்ந்த நாய்க்கு வாத்தும் காடையும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மாடு ஆகாததற்கு ஆடும் ஆகாமல் போகலாம். கடைசியில் நாங்கள் பன்றிக்கறியும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் என்று முடிவு செய்தோம். கறி அடுப்படிக்குள் வரக்கூடாது என்று அம்மா உத்தரவு, அதனால் வராந்தாவில் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு. நாலு வாரம் நன்றாகவே போனது. ஐந்தாவது வாரம் பாதம் மறுபடி சிவந்தது. தேடினால், அம்மாவின் நாற்காலிக்கு அடியில் மேரி பிஸ்கட் தூள்.

"ஒண்ணே ஒண்ணுதான்டா. பாவம், வாயையே பார்த்துக்கிட்டு நிக்குது."

கோதுமையும் பாலும் ஒரே பிஸ்கட்டில். மறுபடி முதல் வாரம். அப்புறம்தான் உறைத்தது, மாதாமாதம் கொடுக்கும் கறி வாசனை மாத்திரையும் கணக்கில் வரும் என்று.

டாக்டர் எழுதித் தரும் பைகளில் ஒரு வகை ஹைட்ரோலைஸ்டு உணவு. அதில் புரதத்தை மிகச் சிறு துண்டுகளாக நறுக்கிவிடுகிறார்கள், உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கு அடையாளம் தெரியாத அளவுக்கு. ராயல் கேனின் நிறுவனத்தின் 'அனலர்ஜெனிக்' உணவில் கோழி இறகையே அப்படி உடைத்துப் புரதமாக்குகிறார்கள். தெருவிலிருந்து எடுத்து வளர்த்த, முன்பு என்ன சாப்பிட்டதென்றே தெரியாத நாய்க்கு இதுதான் சரி. பிஸ்கட் போடும் கைகள் நிறைய உள்ள வீட்டில் இதுவும் தோற்கும். கடையில் 'தானியமில்லாதது' என்று விற்கும் சாதாரண பைகளைப் போட்டியிலேயே சேர்க்க மாட்டேன். லேபிளில் இல்லாத இறைச்சி உள்ளே இருந்ததாகப் பல ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது.

கல்லீரலுக்கு வருவோம். மஞ்சள் காமாலை என்றால் முதலில் எலிக்காய்ச்சலுக்கும் உண்ணிக் காய்ச்சலுக்கும் பரிசோதனை. சாப்பாட்டுப் பேச்சு அதற்குப் பிறகு. கல்லீரலில் தாமிரம் சேரும் நோய் லாப்ரடார், டாபர்மேன், பெட்லிங்டன் டெரியர் இனங்களில் தெரிந்த விஷயம். இங்கே என் ஓட்டு தாமிரம் குறைத்த மருத்துவ உணவுக்குத்தான். வீட்டுச் சமையல் மாதக்கணக்கில் போகும்போது எது குறைகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்து 2013ல் வெளியிட்டார்கள். 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு சத்தாவது குறைவு. கல்லீரலுக்கு ஈரல் நல்லது என்று கறிக்கடையில் வாங்குவது இன்னும் மோசம், செம்மறி, மாட்டு ஈரலில் தாமிரம் கொட்டிக் கிடக்கிறது. செப்புக் குடத்துத் தண்ணீரும் வேண்டாம், எவர்சில்வர் கிண்ணம் போதும்.

தயிர்சாதம் ஜெயிக்கும் இடமும் ஒன்று உண்டு. கல்லீரல் சுத்தம் செய்யாத அம்மோனியா மூளைக்கு ஏறினால் நாய் வட்டமடிக்கும், சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நிற்கும். அப்போது இறைச்சியைவிடப் பால், முட்டை, சோயா புரதங்கள் நன்றாகத் தாங்கும். கூடவே அம்மோனியாவைக் குறைக்கும் லாக்டுலோஸ் சிரப். இந்த அறிகுறி இல்லாத நாய்க்கு 'கல்லீரல் நோய்' என்ற பெயரைக் கேட்டதும் புரதத்தைக் குறைப்பது தப்பு, தசைதான் கரையும்.

கல்லீரலும் தோலும் சேர்ந்து கெடும் அபூர்வ நோயும் இருக்கிறது: வயதான நாயின் பாதங்கள் வெடித்துப் பொருக்குத் தட்டும், ரத்தத்தில் அமினோ அமிலங்கள் சரிந்திருக்கும். இதற்குப் புரதம் குறைத்த கல்லீரல் மருத்துவ உணவு எதிரி. நல்ல புரதமும், டாக்டர் சொல்லும் எண்ணிக்கையில் முட்டை மஞ்சள் கருவும்தான் வேண்டும்.

பூனைக்கு இந்தப் போட்டியே இல்லை. குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டாலே கல்லீரலில் கொழுப்பு ஏறத் தொடங்கிவிடும். எந்த பிராண்ட் என்று யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. கழுத்து வழியாகக் குழாய் போட்டு ஊட்டலாம் என்று டாக்டர் சொன்னால் உடனே சரி சொல்லிவிடுங்கள்.