லேயரை ஆஃப் செய்வதா, ஃப்ரீஸ் செய்வதா?

ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில், கோடுகளைப் பிரித்துவைக்கும் அடுக்குதான் லேயர். ஆஃப், ஃப்ரீஸ் இரண்டுமே லேயரைக் கண்ணிலிருந்து மறைக்கும், பிரிண்டிலும் வராது. ஆனால் உள்ளே நடப்பது வேறு.

ஆஃப் செய்த லேயர் மறைந்திருக்கிறதே தவிர, கணக்கில் இருக்கிறது. எரேஸ் கட்டளையில் 'ஆல்' கொடுத்தால் அதிலுள்ள கோடுகளும் சேர்ந்தே அழியும். போல்ட், ஷாஃப்ட் என்று பாகம் பாகமாக லேயர் பிரித்து வரைபவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அழிந்தது திரையில் தெரியவே தெரியாது. ஃப்ரீஸ் செய்த லேயரை 'ஆல்' தொடாது. ரீஜென் செய்யும்போதும், அதாவது மென்பொருள் வரைபடத்தை மறுபடி கணக்கிட்டுத் திரையில் காட்டும்போதும், அது கணக்கில் வராது; அதனால் வேலை வேகமாகும். பெரிய அசெம்பிளி வரைபடத்தில் இந்த வேகம் நன்றாகவே தெரியும்.

பல கோடுகளை ஒரே பொருளாகக் கட்டிவைத்த பிளாக்கில்தான் பலர் குழம்புகிறார்கள். பிளாக்கைச் செருகிய லேயரை ஃப்ரீஸ் செய்தால் முழு பிளாக்கும் மறையும். ஆஃப் செய்தால், பிளாக்குக்குள் வேறு லேயர்களில் வரைந்தவை அப்படியே நிற்கும்.

நடப்பு லேயரை, அதாவது இப்போது வரைந்துகொண்டிருக்கும் லேயரை, ஃப்ரீஸ் செய்ய முடியாது, ஆஃப் செய்யலாம். லேஅவுட்டில் (பிரிண்டுக்கான தாள் அமைப்பில்) ஒரு வியூபோர்ட்டில் (வரைபடத்தைக் காட்டும் சட்டத்தில்) மட்டும் பரிமாணங்களை மறைக்க வேண்டுமா? அந்தச் சட்டத்தில் மட்டும் லேயரை மறைக்கும் வியூபோர்ட் ஃப்ரீஸ்தான் வழி.

சரி, எது நல்லது? சில நிமிடம் சென்டர் லைனை ஒதுக்கிவைத்து வேலை பார்க்க ஆஃப் போதும். மற்ற எல்லாவற்றுக்கும் நான் ஃப்ரீஸ் பக்கம்தான்.